தோட்டுக்குப் பதில் பல்செட் வந்தது குறித்து அத்தைக்கு

மிகுந்த மரியாதைக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலான பயத்துக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் ஒரே மருமகன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகள் நலம். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம் என்று டாக்டரம்மா சொல்கிறார். நானும் நலம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அங்கே மாமாவின் நலத்தையும், உங்கள் முழங்கால், முதுகு, பல் ஆகியவற்றின் நலத்தையும் அறிய ஆவலாக... மன்னிக்கவும், பல்லை அடித்துவிட்டேன். அதை விசாரிக்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அடித்த இடம் பளிச்சென்று தெரிகிறது. வேறு தாளில் எழுதலாமென்று பார்த்தால், வீட்டில் மிச்சமிருக்கும் கிழிந்த துண்டுத் தாள்களில் எல்லாம் நட்சத்திரமும் மணியும் அச்சடித்திருக்கிறது. உங்களுக்கு இனிமேல் கிஃப்ட் பேப்பரைக் கண்டாலே ஆகாது என்று மாமா சொன்னார்.

நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கும் மன்னிக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தன்று நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதிலிருந்து நானும் தினமும் போன் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் மாமாதான் எடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் "அவ குளிக்கிறா மாப்பிள்ளை" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள். ஒரு மனுஷி இந்தக் குளிரில் இப்படிக் குளித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்ற கவலையும் என் கவலைகளோடு இப்போது சேர்ந்துகொண்டது. நேற்று பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. மாமா பொய் சொல்லிப் பழகாதவர். "நீ பேசறது அவருக்குக் கேக்குது பாரு, மெதுவாக் குளி" என்று உங்களிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது.

என்னோடு பேசாவிட்டால் போகட்டும். அது நான் செய்ததற்குக் கிடைத்த கூலி. ஆனால் "பிரசவத்துக்கு நான் வரமாட்டேன், எல்லாம் தெரிஞ்ச மாப்பிள்ளையே பக்கத்துல இருந்து பாத்துக்கட்டும்" என்று மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு என்ன தெரியும் அத்தை? பல்செட் செய்கிறவன், எனக்குப் பல்தான் தெரியும். பிறக்கிற பிள்ளைக்குப் பல்லே இருக்காது. உங்கள் மகள் என் முன்னால் அழுவதில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். வாளி நிறைந்து வழிகிற சத்தம் வெளியே நிற்கிற எனக்குக் கேட்கிறது. வெளியே வந்ததும் "ஒண்ணுமில்லீங்க, முகம் கழுவினேன்" என்கிறாள். முதல் பிரசவம், அவளுக்கு உள்ளுக்குள் நடுக்கம். அவளுக்கு அம்மா வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றபடி என்னை நல்லவன் என்று நிரூபிக்க எனக்கு எந்த ஆசையும் இல்லை, அதற்கு ஆதாரமும் இல்லை.

அன்று நீங்கள் பார்த்தது கடைசிக் காட்சியை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், பிரசவத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

பரிசுகளை வாங்கியதில் எந்தக் குறையும் இல்லை. டிசம்பர் பிறந்த கையோடு உங்கள் மகள் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டாள். மாமாவுக்குக் குடை, மச்சான் மகளுக்குப் பந்து, உங்களுக்கு முத்துத் தோடு. கிஃப்ட் பேப்பர் ஒரு சுருள், டேப் ஒன்று, ரிப்பன் ஒன்று. "என்னால குனிஞ்சு நிமிர முடியலை, கட்டறது மட்டும் உங்க வேலை" என்று என்னிடம் ஒப்படைத்தாள். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்வதில் நான் எப்போதும் தாமதம் செய்ததே இல்லை. அன்றிலிருந்து தினமும் அவள் "கட்டியாச்சா?" என்பாள், நான் "நாள் கிடக்கு" என்பேன். இதைச் சோம்பேறித்தனம் என்று உங்கள் மகள் சொல்கிறாள். அது தொழில் கற்றுத்தந்த குணம். பல் லேபில் பிளாஸ்டரை ஊற்றிவிட்டு அது இறுகும்வரை கைகட்டி நிற்க வேண்டும். அவசரப்பட்டு அச்சைத் தொட்டவன் உடைந்த பிளாஸ்டர் தாடையோடு முதலாளி முன்னால் நிற்பான். இப்படி வருஷக்கணக்கில் நின்று நின்று, எதையும் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அது தானாகச் சரியாகிவிடும் என்று என் மனசில் படிந்துவிட்டது. கிஃப்ட் பேப்பர் தானாக மடியாது என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் லேபை மூடும்போது முதலாளி ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியை என் கையில் திணித்தார். "சர்ச்சுப் பாட்டுக்குழுவை நடத்தற கொயர் மாஸ்டரோட பல்செட்டு. உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. போற வழியில குடுத்துடு. காலையில ஆராதனையில அவர் தனியாப் பாடறாராம், பல்லு இல்லாம எப்படிப் பாடுவாரு?" என்றார். நான் அதையும் ஒத்துக்கொண்டேன். போகிற வழியில் அவர் வீட்டில் விளக்கு எரியவில்லை, சரி, காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். விளக்கு எரிந்திருந்தாலும் காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கிறிஸ்துமஸ் காலை விடிந்தது. எல்லோர் வீட்டிலும் புதுத்துணி போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் பனியனோடு மேஜை முன்னால் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் மகள் சோபாவில் சாய்ந்தபடி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கியதால் நிறுத்தி, மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முதலில் குடையை எடுத்தேன். குடையை எப்படிக் கட்டினாலும் அது குடையாகத்தான் தெரிகிறது அத்தை. பேப்பரை இரண்டு சுற்றுச் சுற்றினேன், குடை தெரிந்தது. அட்டையை உள்ளே வைத்துச் சுற்றினேன், அட்டை வைத்த குடை தெரிந்தது. கடைசியில் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சரி, மாமா பெரிய மனசுக்காரர் என்று முடித்து ரிப்பன் கட்டித் திரும்பினால் கத்தரிக்கோலைக் காணோம். மேஜைக்கு அடியில் தேடினேன், சோபாவுக்கு அடியில் தேடினேன், உங்கள் மகளைக் கொஞ்சம் நகரச் சொல்லி அதற்காகத் திட்டும் வாங்கினேன். பிறகு சவர பிளேடால் காரியத்தை ஓட்டினேன். கத்தரிக்கோல் எங்கே போயிருந்தது என்பது, மாமா விருந்தின்போது குடையை விரித்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. நல்லவேளை, அது அவர் காலுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது.

அடுத்தது பந்து. பந்துக்கு மூலை கிடையாது. மூலை இல்லாத ஒன்றுக்கு மூலையுள்ள பேப்பரை மாட்டுவது எவ்வளவு கொடுமை என்பதைக் கட்டிப் பார்த்தவர்தான் அறிவார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கிறது. டேப்பின் நுனியோ அடிக்கடி சுருளோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகிறது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேடினால் பாதி அகலத்துக்குக் கிழிந்து வருகிறது. பந்தைப் பாதி கட்டியபோது டேப் தீர்ந்துவிட்டது. கடைகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் என் லேப் பையில் பல்லுக்கு வார்ப்பு எடுக்கும் சிவப்பு மெழுகுத் தகடு இருந்தது ஞாபகம் வந்தது. சின்ன ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, மெழுகை உருக்கி, மடிப்பு மடிப்பாகத் தடவி ஒட்டினேன். அது ஒட்டிக்கொண்டதும் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. உங்கள் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கிஃப்ட் கட்டறீங்களா, பல்லு கட்டறீங்களா?" என்றாள். அவள் வாயில் எந்த நேரத்தில் அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை. அந்த மெழுகு உங்கள் வீட்டு ஹீட்டர் பக்கத்தில் இளகி, உங்கள் வெளிர்நிற சோபாவில் ஒழுகியதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். ஐஸ்கட்டியை அதன்மேல் வைத்து, இறுகியதும் கத்தியின் முனையால் பெயர்த்தால் வந்துவிடும். இது தொழில் ரகசியம், உங்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசியாக உங்கள் தோடு. நகைக்கடைக்காரர் அதை இதய வடிவத்தில் ஒரு வெல்வெட் டப்பாவில் வைத்துக் கொடுத்திருந்தார். பந்தைக் கட்டி நொந்துபோனவன் கையில் இதயத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? அதற்கு ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கூர்முனை. மூன்று தடவை பேப்பர் கிழிந்தது. சுருளில் மிச்சம் ஒரே ஒரு துண்டு. எங்கள் லேபில் எந்த வேலை முடிந்தாலும், உள்ளே பஞ்சு பரப்பிய வெள்ளை அட்டைப் பெட்டியில் வைத்துத்தான் அனுப்புவோம். அந்தப் பெட்டி சதுரமாக, மூலை மூலையாக, பேப்பர் மடிப்பதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். காலிப் பெட்டி ஒன்று என் பையில் இருந்தது. தோட்டை எடுத்து அதில் பஞ்சின்மேல் வைத்து மூடினேன். இப்போது மேஜையில் அண்ணன் தம்பிபோல் இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றில் உங்கள் தோடு, இன்னொன்றில் கொயர் மாஸ்டரின் பல். நான் செய்த பாவமெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் அதன் வட்டி.

சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொயர் மாஸ்டர். பல் இல்லாத வாயால் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தொழில்முறையில் தெரியும். அவர் பேச்சில் பாதி வெறும் காற்றாக வந்தது. மீதிப் பாதியிலிருந்து, ஆராதனை தொடங்கப் போகிறது, அவர் பாட்டுதான் முதலில் வருகிறது, பல் வராவிட்டால் என் முதலாளியையும் என்னையும் மேடையிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று தெரிந்தது. நான் சட்டையை மாட்டியும் மாட்டாமலும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கியதும் திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினார். திறந்து பார்த்துத் தொலைத்திருந்தால் இன்றைக்கு நீங்கள் என் வீட்டில் இருந்திருப்பீர்கள்.

நான் திரும்பி வந்து, மேஜையில் இருந்த பெட்டியைக் கடைசித் துண்டுப் பேப்பரில் கட்டினேன். அத்தை, அதைப்போல ஒரு பொட்டலத்தை என் வாழ்நாளில் நான் கட்டியதில்லை. மடிப்பெல்லாம் கத்தியால் கீறியதுபோல் நேராக இருந்தன. ரிப்பன் நடுவில் பூவாக விரிந்தது. உங்கள் மகள்கூட, "இதை மட்டும் மனுஷன் கட்டின மாதிரி இருக்கு" என்றாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு அன்போடு என்று தொடங்கி நானே அட்டையில் எழுதினேன். அந்த வாசகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அது தோட்டுக்காக எழுதப்பட்டது என்ற கண்ணோடு இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "உங்க முகத்துக்கு இது ஒண்ணுதான் குறையா இருந்துச்சு. தினமும் போட்டுக்கணும். ராத்திரி தூங்கும்போது மட்டும் கழட்டி வையுங்க." இதில் என்ன தப்பு இருக்கிறது? தோட்டையும் ராத்திரியில் கழற்றித்தானே வைப்பார்கள்?

விருந்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கத்தரிக்கோல் விழுந்து, பந்து சோபாவில் ஒட்டி, மச்சான் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார். உங்கள் பொட்டலத்தைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் என்மேல் கொஞ்சம் நம்பிக்கை திரும்பியது. நீங்கள் ரிப்பனைக்கூடக் கிழிக்காமல் முடிச்சை அவிழ்த்தீர்கள். அட்டையை எல்லோருக்கும் கேட்க உரக்க வாசித்தீர்கள். வாசித்துவிட்டு, வழக்கம்போல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தீர்கள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தீர்கள் அத்தை, அதுதான் என்னை இப்போதும் உறுத்துகிறது. மூடியைத் திறந்தீர்கள். மச்சான் மகள்தான், "பாட்டி, பெட்டி சிரிக்குது!" என்று கத்தினாள்.

போன வருஷம் நான் ஒரு வார்த்தை சொன்னதும் அப்போது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். "மேல் வரிசை லேசா ஆடுது போலிருக்கே, நம்ம லேபிலேயே ஒரு செட் செஞ்சுடலாம் அத்தை" என்றேன். ஒரு தொழில்காரனின் அக்கறை, அவ்வளவுதான். அதற்கே நீங்கள் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சபை நடுவில், ரிப்பன் கட்டி, அட்டையும் எழுதிப் பல்செட்டே கொடுத்துவிட்டேன். வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் நீதிபதியாக இருந்தாலும் எனக்குத் தண்டனைதான் கொடுப்பேன்.

ஆனாலும் அந்த நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். வாழ்நாள் முழுக்க எதையும் தள்ளிப்போட்டவன், வாயை மட்டும் உடனே திறந்தேன். "ஐயையோ, இது உங்களுக்கு இல்லை அத்தை! இது சின்ன வாய்க்குச் செஞ்சது, உங்க வாய்க்கு எப்படிப் பத்தும்?" என்றேன். சமாதானம் சொல்வதாகத்தான் நினைத்தேன். நீங்கள் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்ததும்தான் என்ன சொன்னேன் என்பது என் காதுக்கே எட்டியது. "அப்போ என் வாய் அளவை எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டீர்கள். அதற்கும் நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். உங்கள் மகள் மேஜைக்கடியில் என் காலை மிதித்ததால் அதோடு நின்றது. தொழிலில் இருப்பவனுக்குக் கண்ணே அளவுகோல் என்பதுதான் நான் சொல்லவிருந்த பதில். சொல்லாமல் விட்டதற்காவது ஒரு மார்க் போடுங்கள்.

நீங்கள் உள்ளே போனதும் நான் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கொயர் மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். தோட்டை மீட்டுவந்து உங்கள் காலடியில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அவர் என்னைக் கண்டதும் கேட்டுக்கு வெளியே வந்து, கேட்டைச் சாத்தி, என்னை மதிலோரம் ஒதுக்கினார். பல்லை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பேசினார். ஆலயத்தில் பாட்டுக்குச் சற்று முன்னால் பெட்டியைத் திறந்திருக்கிறார். பல்லுக்குப் பதில் தோடு. பக்கத்தில் நின்ற அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குப் பல் இல்லை, விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மா அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டாராம். கல்யாணமானதிலிருந்து அவர் மனைவிக்கு ஒரு பூ வாங்கிக் கொடுத்ததில்லையாம். பாட்டு முழுக்கக் காற்றாகப் போயிற்று, யாரும் அதைக் கவனிக்கவேயில்லை, எல்லோரும் அந்த அம்மாவின் காதையே பார்த்தார்களாம்.

"தம்பி, தோட்டைத் திருப்பிக் கேட்டுடாதே தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குதான் அவ என்கிட்ட நல்லாப் பேசறா. காலையிலேருந்து கண்ணாடி முன்னால நிக்கறா. இப்போ போயி அது வேற யாரோடதுன்னு சொன்னா நான் மனுஷனே இல்லை." அதே நேரம் ஜன்னலில் அந்த அம்மா தெரிந்தார். காதில் உங்கள் தோடு. என்னைப் பார்த்துச் சிரித்து, "உள்ள வாங்க, கேக் சாப்பிட்டுப் போங்க" என்றார். நான் என்ன செய்வேன் அத்தை? போய் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். "ரொம்ப நல்லா இருக்கும்மா, உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். கொயர் மாஸ்டர் அதேபோல் இன்னொரு ஜோடி எனக்கு வாங்கித் தந்துவிடுவதாக வழியனுப்பும்போது சொன்னார். எப்போது என்று கேட்டேன். "நாள் கிடக்குதே தம்பி" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இதுதான் நடந்தது. கொயர் மாஸ்டர் மனைவிக்கு ஒரு நல்ல கிறிஸ்துமஸ் கிடைத்தது, அது உங்களுடையது. ஒரு மனிதனின் சின்னச் சோம்பல் இத்தனை பேர் வீட்டுக்குள் நுழைந்து பாத்திரங்களை உருட்டும் என்று நான் நினைத்ததேயில்லை. உங்களுக்கு என்மேல் உள்ள கோபம் நியாயமானது. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் கூட்டியும் கொள்ளுங்கள். நீங்கள் வந்து தங்கும்போது நான் ஹாலில்கூட இல்லாமல் மொட்டைமாடியில் படுத்துக்கொள்கிறேன். உங்கள் கண்ணில் படாமல் லேபுக்குப் போய் லேபிலிருந்து வருகிறேன். நீங்கள் வாய் திறந்து என்னைத் திட்டும்போதுகூடத் தரையைத்தான் பார்ப்பேன், வேறெங்கும் பார்க்க மாட்டேன். உங்கள் மகளுக்காக வாருங்கள். நேற்று அவள், "அம்மா வரலைன்னா நான் பயந்துடுவேங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டாள். அவள் என்னிடம் பயம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஆறுதல் சொல்லத் தெரியாமல் அவள் காலைப் பிடித்துவிட்டேன், அதையும் தப்பாகப் பிடிக்கிறேன் என்றாள்.

இன்றிலிருந்து எதையும் நாளைக்கு என்று தள்ளுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்த கையோடு தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்கப் போகிறேன். பிரசவத்துக்கு வேண்டிய பையையும் இன்றைக்கே கட்டிவிடுவேன். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் நிறைய அவகாசம் இருக்கிறது, ஆனாலும் கட்டிவிடுவேன்.

மாமாவுக்கு என் வணக்கம், குடை நன்றாக விரிகிறதா என்று கேட்டதாகச் சொல்லவும். மச்சானுக்கும் அவர் மகளுக்கும் என் அன்பு. உங்களுக்குக் கடவுள் நீண்ட ஆயுளையும், திடமான முழங்காலையும், என்னைப் பொறுத்துக்கொள்ளும் மனதையும் அருளட்டும்.

என்றும் உங்கள் வசவுக்குக் காத்திருக்கும்
மருமகன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஸ்டாம்பு வாங்கும்போது போடலாம் என்றிருந்தேன், ஸ்டாம்பு வாங்கப் போகும்போது பார்க்கலாம் என்றிருந்தேன், இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து இதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன தேதியை நம்பியிருந்தேன், பிள்ளை நம்பவில்லை. இன்று காலை உங்கள் மகள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை கட்டவில்லை. துணி துவைக்கவில்லை. நான் உங்களுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்து, "அவ குளிக்..." என்று ஆரம்பித்தார். "வலி வந்துடுச்சு மாமா" என்றேன். அதற்குள் போன் உங்கள் கைக்குப் போய்விட்டது. "முதுகிலயா, அடிவயித்துலயா? அவளை உக்கார வையுங்க. நீங்க எதையும் தொடாதீங்க" என்றீர்கள். நான் கூப்பிட்ட டாக்ஸி வருவதற்கு முன்னால் நீங்கள் வந்துவிட்டீர்கள், கையில் ஒரு பெரிய பையோடு. இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பை கட்டினீர்கள் என்று மாமாவைக் கேட்டேன். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு உள்ள போயி கதவைச் சாத்தினாளே, அப்பவே கட்டிட்டா மாப்பிள்ளை. அழுதுகிட்டே கட்டினா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் வாயையும் கட்டிட்டா" என்றார். வரவே மாட்டேன் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் அந்தப் பை கட்டில் பக்கத்தில் தயாராக நின்றிருக்கிறது. நான் வேலை மெனக்கெட்டு இத்தனை பக்கம் கெஞ்சியிருக்கிறேன்.

பெண் பிள்ளை. உங்கள் மகள் தூங்குகிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள் அத்தை. உங்களுக்கும் இது தெரியும், நீங்கள்தானே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றீர்கள். எனக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. நர்ஸ் இப்போதுதான் பிள்ளையைத் தொட்டிலில் தள்ளிக்கொண்டு வந்து, "துணி வெச்சிருக்கீங்களா, சுத்தணும்" என்று என்னைக் கேட்டார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பையைத் திறந்தீர்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்த வெள்ளைத்துணி. அதை விரித்து, ஒரு மூலையை மடக்கி, பிள்ளையை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு. டேப் இல்லை, ரிப்பன் இல்லை, எங்கேயும் புடைக்கவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளை அடங்கிவிட்டது. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறீர்கள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"பேனாவைக் கீழ போடுங்க மாப்பிள்ளை. ரெண்டு கையையும் நீட்டுங்க."